செல்வராஜுவைப் பிடித்திருந்த பதினொரு நிமிடம்

போன மாதம் ஒரு நாள் காலை, தீயணைப்பு நிலையத்திலிருந்து தேவி என்ற இளம் அதிகாரி ஈப்போ சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். நிலையத்தைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஓய்வு பெற்ற நாலைந்து பேரை அழைத்துப் பேச வைக்க வேண்டுமாம். சீருடையில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் என் மனைவி முறுக்குத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், சர்வீஸ்ல மொத்தம் எத்தன பேரக் காப்பாத்தியிருப்பீங்க? அத முதல்ல சொன்னா பேச்சு நல்லா இருக்கும்லா" என்று தேவி கேட்டார்.

யாரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது? வெள்ளத்தில் படகில் ஏற்றியவர்களைச் சேர்ப்பதா, நசுங்கிய காரிலிருந்து அறுத்து எடுத்தவர்களை மட்டும் சேர்ப்பதா? வீங்கிப்போன விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்தை வெட்டி எடுக்க நிலையத்துக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

யோசித்துக்கொண்டே தேவியின் சட்டையைப் பார்த்தேன். பையில் சிறிய மஞ்சள் கருவி ஒன்று குத்தியிருந்தது.

"அது என்னம்மா?"

"கேஸ் மீட்டர், அங்கிள். நேரா ஒரு வேலைக்குப் போறேன், அதான். உள்ள விஷக்காத்து இருந்தா இது கத்தும்."

கழற்றி என் கையில் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எங்ககிட்ட இது இருந்ததில்லம்மா" என்றேன். கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். மேடையில் பேசுவது எனக்கு ஒத்துவராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் அது. தேவி கேட்ட கணக்கு இதில் இல்லை.

என் பெயர் முனியாண்டி. சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் மரம் சீவியவர்கள். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தேன். எங்கள் லயத்துக் குடியிருப்பு வரிசையில் எனக்கு முன்னால் யாரும் சேர்ந்ததில்லை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், திட்டு வாங்கினோம், சாப்பிட்டோம், மறுபடியும் ஓடினோம். அதன்பின் பத்து வருடம் பெரும்பாலும் வடக்கே கிரிக் காடுகளில் கழிந்தது. அப்போது காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். நடைபாதைகளில் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள்.

ஒரு நாள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த சாலே என்ற மலாய் நண்பன் ஒன்றை மிதித்துவிட்டான். எல்லாரும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதுதான் கட்டளை. எனக்கு அது காதில் விழவில்லை. ஓடினேன். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். பிற்பாடு வெடி அகற்றும் பிரிவின் சார்ஜன் ஒரு கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து, என் காலடித் தடத்துக்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்றை எடுத்துக் காட்டினார். சாலே ஒரு காலோடு பிழைத்தான். இன்றைக்கும் ஹரி ராயா பெருநாளுக்கு அவனிடமிருந்து எனக்குத் தொலைபேசி வரும். மேலதிகாரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஓடினேன், பிழைத்தேன், தட்டிக்கொடுத்தார்கள். ஆள் விழுந்தால் ஓட வேண்டும் என்பதை அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். தப்பான பாடம் என்று தெரிய ரொம்ப நாளானது.

ராணுவத்திலிருந்து வந்ததும் தீயணைப்பில் சேர்ந்தேன். கொஞ்ச நாள் ஈப்போவில் வைத்திருந்துவிட்டு, தெற்குப் பேராக்கில் ஒரு சின்ன நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு தீயணைப்பு வண்டி, இரண்டே இரண்டு மூச்சுக்கருவிகள். நான் பிறந்த தோட்டம் அங்கிருந்து இருபது நிமிடத் தூரம். அந்த நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர்தான் குலசிங்கம் சார்.

சார் தைப்பிங்காரர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். வீட்டில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். சார் பேசும் தமிழ் எங்கள் தோட்டத்துத் தமிழ் மாதிரி இருக்காது. நிலையத்தில் எல்லாரையும் 'நீர்' என்பார். முதல் நாள் "நீர்தானோ முனியாண்டி? இரும்" என்று அவர் நாற்காலியைக் காட்டியபோது, மனுஷன் என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு மரியாதையில்லாமல் பேசவே தெரியாது. திட்டும்போதும் 'நீர்'தான்.

காற்சட்டையின் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பையில் எப்போதும் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். பதற்றம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதனால் துடைப்பார். அழுக்கே இல்லாத கண்ணாடியை அவர் துடைக்கிறார் என்றால் வேலை பெரிது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. பாம்பு. எங்கள் வேலையில் பாதி பாம்பு பிடிப்பதுதான். ஒரு தடவை மளிகைக் கடை ஒன்றில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே மலைப்பாம்பு படுத்துக்கொண்டது. நாங்கள் உள்ளே போய் அதைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால், சார் வண்டியின் முன்சீட்டில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல வெயில். வியர்த்துக் கொட்டுகிறது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"முனியாண்டி, அது செத்துப்போச்சோ?"

"இல்ல சார். உயிரோடதான் இருக்கு. காட்டுல விடணும்லா."

"அப்ப சாக்கைப் பின்னுக்கு வையும். என்ர சீட்டுக்குக் கிட்ட வேண்டாம்." கண்ணாடி மறுபடியும் ஏறிவிட்டது.

அவரோடு எனக்கு முதல் உரசல் ஒரு மெத்தையால் வந்தது. பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் மாடி தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே ஆள் இருக்கிறது என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். நான் முகமூடிகூட மாட்டாமல் படியேறி ஓடிவிட்டேன். புகையில் கண் தெரியவில்லை. கை போட்டுத் தேடியதில் சுவரோரம் ஒருவர் சுருண்டு கிடந்தார். அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டே கீழே வந்து தெருவில் கிடத்தினேன். சுருட்டிக் கயிற்றால் கட்டிய மெத்தை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் எதிர்க் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சார் கத்தவில்லை. நிலையத்துக்குத் திரும்பியதும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அறிக்கை எழுதினார். உள்ளே இருந்தவர்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். மீட்கப்பட்டவை என்ற இடத்தில் மலாயில் 'மெத்தை ஒன்று' என்று எழுதி, அடியில் என் பெயரையும் எழுதி, என்னையே கையெழுத்துப் போட வைத்தார். மலாயில் மெத்தைக்குத் தீலாம் என்று பெயர். அடுத்த நாலு வருடம் நிலையத்தில் என்னைத் தீலாம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ராணுவத்திலே என்ன செய்தீரோ எனக்குத் தெரியாது. இங்கே முதல் கேள்வி, பிறகுதான் கால்" என்றார் சார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூச்சுக்கருவிப் பயிற்சி. காற்றுக் குடுவையை முதுகில் ஏற்றி, வார்களை இழுத்துக் கட்ட வேண்டும். முள் எவ்வளவு காட்டுகிறது என்று உரக்கப் படிக்க வேண்டும். முகமூடியை மாட்டி, காற்று வரும் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுக்க வேண்டும். முகமூடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டால் சரி. ஒட்டாவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதன் வழியே விஷமும் வரும். எல்லாம் சரியென்றால் நம் பெயர் எழுதிய வில்லையை சாரிடம் கொடுக்க வேண்டும். அவரே அறுத்து வெள்ளையடித்த பலகை ஒன்று வைத்திருந்தார். அதில் வில்லையை மாட்டி, காற்றின் அளவையும் உள்ளே போகும் நேரத்தையும் எழுதுவார். எங்களில் யாராவது ஒரு படியைத் தாண்டினால் எல்லாரும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"உம்முடைய பெயர் இந்தப் பலகையில் ஏறாத வரைக்கும் நீரும் வேடிக்கை பார்க்க வந்த ஆள்தான்" என்பார்.

நாங்கள் அவருக்குப் பின்னால் அவர் மாதிரியே பேசிச் சிரித்துக்கொள்வோம். ஆனாலும் அவர் சொன்னபடியே வார்களைக் கட்டினோம்.

அந்த அழைப்பு ஒரு பிற்பகலில் வந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. கூப்பிட்டவர் நான் பிறந்த தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குழியில் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள், சீக்கிரம் வாருங்கள் என்றார்.

ஆறு பேர் போனோம். வண்டியில் சார் கைக்குட்டையை எடுத்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைய முறைப்படி மூச்சுக்கருவி மாட்ட வேண்டியவர்கள் நானும் ஹாஷிமும். போகும்போதே வார்களைத் தளர்த்தி வைத்துக்கொண்டேன்.

அந்தக் குழி எனக்குத் தெரியும். ரப்பர் பாலைக் கழுவிய தண்ணீரெல்லாம் வந்து தேங்கும் சிமெண்டுத் தொட்டி அது. மேலே மூடி, நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு, கீழே இறங்க இரும்புப் படிகள், இரண்டு ஆள் ஆழம். திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்த வாடை அடிக்கிற வரைக்கும் பரவாயில்லை. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது என்று நினைப்போம். அப்போது இன்னும் இரண்டு மூச்சுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழியைச் சுற்றி லயமே கூடியிருந்தது. சார் நேரே கிராணியிடம் போனார்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர் சார். பம்பு அடைச்சிருச்சுன்னு கோபால் எறங்குனான், விழுந்துட்டான். அவனத் தூக்க மண்டோர் கிருஷ்ணன் எறங்குனாரு. அவரும் விழுந்துட்டாரு."

"எவ்வளவு நேரம்?"

"கா மணி நேரம் இருக்கும்."

கோபால் எனக்குத் தெரிந்தவன். அவன் செல்வராஜுவின் தம்பி. செல்வராஜு என் வயது. தோட்டத்துப் பந்துக் குழுவில் அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். நான் ராணுவத்துக்குப் போன அன்று பஸ் நிற்கும் இடம் வரை என் பெட்டியைத் தூக்கி வந்தவன். இப்போது அந்த ஆலையில் போர்மேன். அன்று அவனுக்கு ஓய்வு நாள். செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்து அப்போதுதான் சேர்ந்திருந்தான். யாரையும் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே குழியின் வாயை நோக்கிப் போனான்.

சார் திரும்பினார். "முனியாண்டி, அவரைப் பிடியும். விட வேண்டாம். லிம், நீர் கருவியை மாட்டும்."

என் கருவியை லிம் எடுத்துக்கொண்டான். நான் ஓடிப்போய் செல்வராஜுவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்து குழியின் உள்ளே தெரிந்தது. ஓட்டுநர் கைவிளக்கு அடித்துக்கொண்டிருந்தார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கிருஷ்ணன் படிக்கு நேர் கீழே மல்லாந்து கிடந்தார். கோபால் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை தொங்கியிருந்தது.

"மூச்சு விடுறான் மச்சான். பாரு, நெஞ்சு ஆடுது பாரு. விடு" என்றான் செல்வராஜு.

நானும் பார்த்தேன். ஆடியது போலத்தான் இருந்தது. விளக்கு ஆடியதா, நெஞ்சு ஆடியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கருவி மாட்டிக்கிட்டு எறங்குறாங்கடா. கொஞ்சம் பொறு."

"நான் உன்கூடப் பந்து வெளாண்டவன்லா. என் தம்பிடா. ஒரே நிமிஷம். தூக்கிட்டு வந்துடுறேன். விடு மச்சான்."

பக்கத்தில் ஹாஷிமும் லிம்மும் வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாஷிம் முள்ளைப் படித்தான். லிம் படித்தான். முகமூடி மாட்டி உள்ளங்கையால் அடைத்து இழுத்தார்கள். லிம்முக்கு ஒட்டவில்லை. கழற்றி மறுபடியும் மாட்டச் சொன்னார் சார். குரல் உயரவே இல்லை. திங்கட்கிழமைப் பயிற்சி மாதிரியே நின்றார். எனக்கே அவர்மேல் வெறி வந்தது. அங்கே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், இவர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று தோன்றியது. செல்வராஜுவை விட்டுவிட்டு நானும் அவனோடு குதித்துவிடலாமா என்றும் தோன்றியது. கிரிக்கில் அதைத்தானே செய்தேன்.

செல்வராஜு என் முன்னங்கையைக் கடித்தான். கையை எடுக்கவில்லை. என் அம்மாவைச் சொல்லித் திட்டினான். யாரோ ஒரு பெண் செருப்பால் என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள். என்னோடு வளர்ந்தவர்கள், எனக்குச் சோறு போட்டவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஹாஷிமும் லிம்மும் இறங்கினார்கள். கிருஷ்ணனைத் தாண்டிக் கோபாலிடம் போக இடமில்லை. கிருஷ்ணனின் அக்குளில் கயிறு கட்டி மேலே இழுத்தோம் என்று எழுதப் போனேன். இழுத்தது மற்றவர்கள். நான் செல்வராஜுவின் மேல் கிடந்தேன். நாங்கள் வந்து எத்தனை நிமிடம் என்று சார் உரக்கச் சொன்னார்: "ஏழு." கிருஷ்ணன் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் இருமினார். அடுத்து கயிறு இறங்கியது. கோபாலைத் தூக்கி வெளியே கிடத்தியபோது "பதினொன்று" என்றார். பலகையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, அந்த மடிப்புக் கலையாத காற்சட்டையோடு சேற்றில் முழந்தாளிட்டு, கோபாலின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. வேறு யாரையும் மாற்றிச் செய்ய விடவும் இல்லை.

கிருஷ்ணன் பிழைத்துக்கொண்டார். கோபால் பிழைக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கையை எடுத்ததும் செல்வராஜு எழுந்தான். தம்பியிடம் ஓடவில்லை. முதலில் என்னைப் பார்த்தான். "நீதான்டா கொன்னுட்ட" என்றான். கத்திச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னான்.

அப்பா அப்போது இல்லை. அம்மா மட்டும் அந்த லயத்தில்தான் இருந்தாள். அடுத்த ஓய்வு நாளில் பார்க்கப் போனேன். குழாயடியில் யாரும் அவளிடம் பேசுவதில்லையாம். அவள் வாளியை வைத்தால் மற்றவர்கள் தள்ளி நிற்கிறார்களாம். திட்டினால்கூடப் பரவாயில்லை, தள்ளித்தான் நிற்கிறார்களாம். அம்மா கடிபட்ட என் கையின் கட்டைப் பிரித்து மஞ்சள் வைத்தாள்.

"நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுடா. ஆனா நாளைக்குத் தண்ணிக்குப் போவணும். கேட்டா சொல்றதுக்கு எனக்கு ஒரு பதில் குடு" என்றாள்.

மேலதிகாரி சொன்னார், பிடித்தேன் என்பது குழாயடியில் செல்லாது. மறுநாள் வேலைக்கு வந்தபோது சாரிடம் அம்மா கேட்டதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினாறாம் நாள் எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். "நான் வாறன்" என்றார்.

வருவார் என்று நான் நம்பவில்லை. அதிகாரிகள் லயத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கருமாதியன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார். நான் கூடவே நடந்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். கோபாலின் அம்மா அஞ்சலையம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செல்வராஜு மொட்டைத் தலையோடு வாசற்படியில் நின்றான். வீடு நிறைய ஆட்கள்.

சார்தான் பேச்சைத் தொடங்கினார். "உங்கட மகனைப் பிடிச்சு வைச்சது முனியாண்டி இல்லை அம்மா. பிடிக்கச் சொன்னது நான். என்ன கேக்கிறதெண்டாலும் என்னைக் கேளுங்கோ."

அஞ்சலையம்மா சுவரிலிருந்து நிமிர்ந்தார். பிறகு கேட்டார். "நீங்க வந்தவொடனே எறங்கியிருந்தா எம் புள்ள பொழச்சிருக்குமா சார்?"

நாங்கள் வருவதற்கு முன்பே உயிர் போயிருந்தது என்று சார் சொல்லிவிட்டால் போதும். யாரும் மறுக்க முடியாது. என் அம்மாவுக்கும் பதில் கிடைத்துவிடும். எனக்கும்தான்.

"தெரியாதம்மா" என்றார் சார்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"உண்மையா எனக்குத் தெரியாது. அது தெரியாமத்தான் நானும் படுக்கிறன், எழும்புறன். ஆனா ஒண்டு தெரியும். அண்டைக்கு மூத்தவர் இறங்கியிருந்தா அவரும் விழுந்திருப்பார். இண்டைக்கு உங்களுக்கு ரெண்டு படம் வைச்சுக் கும்பிட வேண்டி வந்திருக்கும்."

அஞ்சலையம்மா திரும்பி செல்வராஜுவைப் பார்த்தார். மொட்டைத் தலையிலிருந்து கால்வரை, காணாமல்போன பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்தது மாதிரிப் பார்த்தார். அவன் தாங்க முடியாமல் படியிறங்கிப் பின்பக்கம் போய்விட்டான்.

"சாப்புட்டுட்டுப் போங்க சார்" என்றார் அஞ்சலையம்மா. என் பக்கம் பார்த்து, "நீயும் ஒக்காருடா" என்றார்.

மறுநாளிலிருந்து குழாயடியில் அம்மாவிடம் பேசினார்கள். செல்வராஜு மட்டும் என்னிடம் பேசவில்லை. எதிரே வந்தால் வழி மாறிப் போவான்.

அன்று திரும்பும்போது சார் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். தோட்டத்து எல்லையைத் தாண்டியதும் செம்பனை மரங்களின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். இயந்திரத்தை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"லிம்மின் முகமூடியை ரெண்டாந்தரம் மாட்டச் சொன்னன். அது அரை நிமிஷம். நான் பிழை விட்டனோ முனியாண்டி?"

"இல்ல சார்" என்றேன்.

"அவசரமாச் சொல்லாதேயும். யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தேன். அந்த அரை நிமிடத்தில் நான் அவரை எவ்வளவு வெறுத்தேன் என்பதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு சொன்னேன்: "ஒட்டாத மூடியோட லிம் எறங்கியிருந்தா, கோபால் பக்கத்துல லிம்மும் கெடந்திருப்பான் சார். உள்ள இருக்குற மூணு பேரையும் ஹாஷிம் ஒருத்தன் தூக்க முடியாது." சார் கைக்குட்டையை எடுத்தார். அந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் தன் ஓய்வு நாட்களில் தோட்டம் தோட்டமாகப் போக ஆரம்பித்தார். நான்தான் துணை. ஆலை முற்றத்தில் ஆட்களை நிறுத்தி, கிணறு, குழி, தொட்டி எதிலும் விழுந்தவனைத் தூக்க இறங்காதீர்கள், காற்றை அனுப்புங்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்வார். அவருடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் தோட்டத்துக்கும் போனோம். செல்வராஜு போர்மேன் என்பதால் வந்து நிற்க வேண்டியிருந்தது. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முடிந்ததும் முதல் ஆளாகப் போய்விட்டான்.

சார் போன மழைக்காலத்தில் தைப்பிங்கில் காலமானார். கடைசிவரை எனக்கு எழுதிய கடிதங்களில் 'நீர்' என்றே எழுதினார். அவரைப் பற்றிப் பேசும்போது இந்தக் குழியோடு நிறுத்த எனக்கு மனமில்லை. கோபால் போய் இரண்டு வருடம் கழித்து நடந்ததையும் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வார்கள். அந்த வருடம் பெட்ரோலில் ஓடும் பம்பைக் கிணற்றுக்குள்ளேயே, பாதி ஆழத்தில் இருந்த திட்டில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். பம்பு விடும் புகை கிணற்றில் நிரம்பிவிட்டது. எண்ணெய் ஊற்ற இறங்கிய ராமையா என்பவர் திட்டிலேயே விழுந்துவிட்டார். அழைப்பு வந்தது. அதே சாலை, அதே ஆட்கள்.

கோயிலுக்கு முன்னால் வண்டி நின்றதும் நான் பார்த்தது செல்வராஜுவைத்தான். கிணற்றின் வாய்க்கு நேரே, கடப்பாரையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை கிழிந்திருந்தது. உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. எதிரே ராமையாவின் அண்ணன், அவரைப் பிடித்துக்கொண்டும் அவரோடு சேர்ந்துகொண்டும் நாலைந்து பேர். அந்த அண்ணன்தான் அடித்திருக்கிறார். செல்வராஜு திருப்பி அடிக்கவில்லை, நகரவும் இல்லை. அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் இலையோடு வெட்டிய பெரிய மரக்கிளையைக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாரைக் கண்டதும் செல்வராஜு கடப்பாரையை இறக்கினான்.

"ஒருத்தர்தான் சார். திட்டுல கெடக்குறாரு. இருவது நிமிஷம் ஆச்சு. பம்பு தானாவே நின்னுருச்சு. வேற யாரையும் எறங்க விடல" என்றான்.

அன்று கருவி மாட்டும் முறை என்னுடையது. வார்களைக் கட்டினேன், முள்ளைப் படித்தேன், உள்ளங்கையால் அடைத்து இழுத்தேன், வில்லையைச் சாரிடம் கொடுத்தேன். அவசரமில்லாமல்தான் செய்தேன். ராமையாவின் அண்ணன் என்னைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தார். செல்வராஜு போய் அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

இறங்கிக் கயிறு கட்டி ராமையாவை மேலே தூக்கியபோது உயிர் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கண்ணைத் திறந்தார். கூட்டமெல்லாம் வண்டிக்குப் பின்னால் ஓடியது. ராமையாவின் அண்ணன் ஏறும்முன் திரும்பி செல்வராஜுவை முறைத்துவிட்டுப் போனார். செல்வராஜு கோயில் படியில் உட்கார்ந்தான். முகமூடியைக் கழற்றிவிட்டு, போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவனே முதலில் பேசினான். "பொழச்சிக்குவாரா?"

"பொழச்சிக்குவாரு. கண்ண முழிச்சாருல்ல."

"அவங்க அண்ணன் பாத்த பார்வையப் பாத்தியா? இனிமே என்கூடப் பேசமாட்டாரு."

"பேசுவாரு" என்றேன்.

"எத்தன நாளு ஆகும்?"

"தெரியலடா. நமக்கு ரெண்டு வருஷம் ஆச்சுலா."

அவன் சிரிக்கவில்லை. கிழிந்த சட்டை நுனியால் உதட்டைத் துடைத்தான். கிணற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து என் முதுகில் இருந்த காற்றுக் குடுவையின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான்.

"அம்மா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கு. வா மச்சான், வீட்டுக்குப் போலாம்."

நான் சாரைப் பார்த்தேன். அவர் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"போயிட்டு வாரும், முனியாண்டி" என்றார். "அரை மணித்தியாலம்."